இல்லாத 34,000 பேருக்கு வீடு

2021 மார்ச் 21, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாள். கவன்ட்ரி நகரத்தில் அன்று வசித்தவர்கள் ஏறக்குறைய 3,45,300 பேர் என்று அடுத்த ஆண்டு ஜூனில் முடிவு வெளியானது. கணக்கெடுப்புக்கு ஒன்பது மாதம் முந்தைய தேதிக்கு, அதாவது 2020 நடுப்பகுதிக்கு, தேசியப் புள்ளிவிவர அலுவலகம் அதே நகரத்துக்குச் சொல்லியிருந்த மதிப்பீடு 3,79,387. இடையில் 34,000 பேரைக் காணோம். நம் ஊர்க் கணக்கில் ஒரு சிறிய நகராட்சி அளவு ஜனம்.

அவர்கள் ஒரே இரவில் ஊரைக் காலிசெய்துவிட்டுப் போகவில்லை. பெரும்பாலோர் ஏற்கெனவே அங்கே இல்லை, காகிதத்தில் மட்டும் இருந்தார்கள். ஆனால் அவர்களையும் சேர்த்து எண்ணித்தான் நகரத்தின் வளர்ச்சித் திட்டம் போடப்பட்டிருந்தது. ஊரைச் சுற்றியிருந்த வயல்களில் கணிசமான பகுதி அந்தத் திட்டத்தில் வீட்டுமனையாக மாறியிருந்தது. கணக்கு உதைக்கிறது என்று கவன்ட்ரியின் பசுமை வளையத்துக்காகப் போராடிய உள்ளூர்க்காரர்களும், சி.பி.ஆர்.இ. என்ற நாட்டுப்புறப் பாதுகாப்பு அமைப்பின் வாரிக்‌ஷயர் கிளையும் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நாட்டுப்புறத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் என்றதும் பிரிட்டன்காரர்கள் மனதில் ஒரு சித்திரம் எழும்: பணி ஓய்வு பெற்றவர், வசதியானவர், நாயோடு நடைபோகிறவர், தன் ஜன்னலிலிருந்து தெரியும் பச்சை கெட்டுப்போகக் கூடாது என்று மனுப் போடுகிறவர். 'என் கொல்லைப்புறத்தில் வேண்டாம்' என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இவர்களுக்கு 'நிம்பி' என்று வசைப்பெயரே வைத்திருக்கிறார்கள். அந்தச் சித்திரத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கவன்ட்ரியில் நடந்த சண்டை அந்தச் சட்டகத்துக்குள் அடங்கவில்லை. இங்கே மனுக்காரர்கள் வயலின் அழகைப் பேசுவதை ஓரமாக வைத்துவிட்டு, பிறப்புப் பதிவேட்டைக் கையில் எடுத்தார்கள்.

முதலில் அந்த வயல்களைப் பற்றிக் கொஞ்சம். கவன்ட்ரியின் வடமேற்கு ஓரத்தில் கெர்ஸ்லி இருக்கிறது. ஆர்டன் என்று அழைக்கப்படும் பழைய நிலப்பகுதியின் விளிம்பு அது. ஷேக்ஸ்பியரின் ஒரு நாடகத்தில் வரும் காட்டுக்கு அந்தப் பெயர்தான். அவருடைய தாயின் குடும்பப் பெயரும் ஆர்டன். காடு எப்போதோ போய்விட்டது. மிச்சமிருப்பவை ஒழுங்கற்ற சிறுசிறு வயல்கள், அவற்றைப் பிரிக்கும் அடர்த்தியான உயிர்வேலிகள், வேலியோரத்தில் வயதான ஓக் மரங்கள், பல நூற்றாண்டு வண்டித்தடம் தேய்த்துப் பள்ளமாக்கிய பாதைகள், அங்கங்கே துண்டுதுண்டாகத் தொல்வனம். கிளுவையும் முள்ளும் கலந்து வளர்ந்த கொங்குநாட்டு உயிர்வேலியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. வேலி என்பது அங்கே எல்லைக்கோடு மட்டுமல்ல; பறவை, முள்ளெலி, வண்ணத்துப்பூச்சி எல்லாம் குடியிருக்கும் ஒரு நீளமான ஊர். இதே கெர்ஸ்லியில்தான் 1990கள் வரை கவன்ட்ரி நிலக்கரிச் சுரங்கமும் ஓடியது. ஆகவே இது யாரும் தொடாத புனித நிலம் என்று எண்ணிவிட வேண்டாம். தொழில் நகரத்தின் விலாவில் ஒட்டிக்கொண்டு பிழைத்த நாட்டுப்புறம்.

பிழைத்ததற்குக் காரணம் பசுமை வளையம். வீட்டு வசதி அமைச்சராக இருந்த டங்கன் சாண்டிஸ் 1955இல் அனுப்பிய ஒரு சுற்றறிக்கையின் வழியாக லண்டனுக்கு வெளியேயும் பரவிய ஏற்பாடு இது. ஊர் தன் இஷ்டத்துக்குப் பரவாமல், பக்கத்து ஊரோடு ஒட்டிக்கொள்ளாமல் சுற்றிலும் ஒரு திறந்த நிலத்தை வைத்திருப்பதுதான் நோக்கம். இயற்கை எழில் அதில் ஒரு நிபந்தனையே இல்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தின் பரப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இப்படி வளையத்துக்குள் இருக்கிறது. அதன் எல்லையை நகர மன்றம் நினைத்தபோது மாற்ற முடியாது. 'விதிவிலக்கான சூழ்நிலை' இருப்பதை நிரூபிக்க வேண்டும். அது புதிய உள்ளூர்த் திட்டம் போடும்போது மட்டுமே நடக்கும்.

விதிவிலக்கான சூழ்நிலை என்று எதைக் காட்டுவது? நடைமுறையில் ஒரே ஓர் எண்ணைத்தான் காட்டுகிறார்கள்: அடுத்த பதினைந்து, இருபது ஆண்டில் இத்தனை வீடு தேவை, ஊருக்குள் இத்தனைக்குத்தான் இடம், மீதிக்கு வேறு வழியில்லை. எண் பெரிதாக இருந்தால் வளையம் உடையும். சண்டை வயலில் நடப்பதுபோல் தோன்றினாலும், முடிவு அந்த ஓர் எண்ணில்தான் இருக்கிறது.

கவன்ட்ரிக்குச் சொல்லப்பட்ட எண் 42,400. 2011 முதல் 2031 வரை அத்தனை வீடு, ஆண்டுக்கு 2,120. வீட்டுக்கு இரண்டரைப் பேர் என்று தோராயமாகப் போட்டால் ஒரு லட்சத்துக்கு மேல் ஜனம். குடும்பங்கள் சிறுத்துக்கொண்டே போவதால் இருக்கிறவர்களுக்கே கூடுதல் வீடு வேண்டும் என்று அதில் ஒரு பகுதியைக் கழித்தாலும், இது பிரம்மாண்டமான வளர்ச்சி. முந்தைய பத்தாண்டில் அந்த ஊர் எவ்வளவு வளர்ந்தது? 2001இல் 3,00,848, 2011இல் 3,16,960. பதினாறாயிரம் பேர். கார் தொழிற்சாலைகள் ஓகோவென்று ஓடிய காலத்துக்குப் பிறகு, 1980களில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, ஜனம் சுருங்கிப்போன ஊர் அது. அப்படிப்பட்ட ஊர் திடீரென்று சுற்றுப்புற மாவட்டங்களையெல்லாம் தாண்டி ஓடப்போகிறது என்று முன்கணிப்பு சொன்னது. திட்டம் போட்டவர்களில் யாராவது நின்று, ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

கேட்கவில்லை, கேட்பதற்கு அமைப்பிலும் இடமில்லை. 42,400இல் தன் எல்லைக்குள் 24,600 வீடுதான் கட்டமுடியும் என்றது நகர மன்றம். 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அண்டை மன்றங்கள் ஒன்றோடொன்று ஒத்துழைக்கக் கடமைப்பட்டவை என்றது. ஆகவே மிச்சம் 17,800 வீடுகள் வாரிக்‌ஷயரின் மன்றங்களுக்குப் பங்கு போடப்பட்டன. ஓர் ஊரின் கணக்குப் பிழை இப்படித்தான் பக்கத்து ஊர் வயலுக்குள்ளும் இறங்கியது. கவன்ட்ரிக்குத் தெற்கே, வாரிக் மாவட்டத்துக்குள் வரும் கிங்ஸ் ஹில் பசுமை வளையத்திலிருந்து நீக்கப்பட்டு, மொத்தம் 4,000 வீடுகளுக்கான இடமாக ஒதுக்கப்பட்டது. கவன்ட்ரிக்குள் கெர்ஸ்லியில் சுமார் 3,100, மேற்கே ஈஸ்டர்ன் கிரீனில் சுமார் 2,250.

பிழை எங்கே புகுந்தது என்பதை ஒரு மாணவரைத் தொடர்ந்து போய்ப் பார்க்கலாம். சென்னையிலிருந்து ஒருவர் முதுகலை படிக்க கவன்ட்ரிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊரில் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள்: கவன்ட்ரி பல்கலைக்கழகம், வாரிக் பல்கலைக்கழகம். (பெயரில் வாரிக் இருந்தாலும் இரண்டாவதும் இருப்பது கவன்ட்ரி ஓரத்தில்தான்.) 2010களில் வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கை, குறிப்பாக முதலாவதில், வேகமாக ஏறியது. நம் மாணவர் ஹீத்ரோவில் இறங்குகிறார். அங்கே பயணிகளில் சிலரை மட்டும் நிறுத்திக் கேள்வி கேட்கும் ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு நடக்கும். பல ஆண்டுகள் பிரிட்டனின் குடியேற்றக் கணக்கு பெருமளவு அதை நம்பித்தான் ஓடியது. எங்கே போகிறீர்கள்? கவன்ட்ரி. எவ்வளவு நாள்? ஓராண்டுக்கு மேல். கவன்ட்ரிக்கு ஒருவர் வந்தார் என்று பதிவாகிறது. ஊருக்குப் போனதும் உள்ளூர் டாக்டரிடம் பெயர் பதிகிறார். காய்ச்சல் வந்தால் வேறு வழியில்லையே.

படிப்பு முடிகிறது. அறையைக் காலிசெய்துவிட்டு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் நண்பர்களோடு கொஞ்ச நாள் தங்குகிறார், பிறகு விமானம் ஏறிவிடுகிறார். டாக்டரிடம் போய்ப் பெயரை நீக்கச் சொல்கிறாரா? யாரும் செய்வதில்லை, வாலிப வயது ஆண்கள் நிச்சயமாகச் செய்வதில்லை. ஊருக்கு ஊர் இடம்பெயர்வதைக் கணக்கிட அந்த டாக்டர் பட்டியலைத்தான் புள்ளிவிவர அலுவலகம் பார்த்தது. நாட்டை விட்டுப் போகிறவர்களில் எத்தனை பேர் எந்த ஊரிலிருந்து போனார்கள் என்பதும் நேரடி எண்ணிக்கை கிடையாது, மாதிரியை வைத்துப் பங்கிடும் மதிப்பீடு. ஆக, வந்தது ஏறியது. போனது முழுதாக இறங்கவில்லை. அடுத்த ஆண்டு இன்னொருவர் வருகிறார். அதற்கடுத்த ஆண்டு இன்னொருவர். கவன்ட்ரியின் கணக்கேட்டில் ஆள் சேர்ந்துகொண்டே போனார்கள்.

இதோடு நின்றாலும் பரவாயில்லை. முன்கணிப்பு அந்தக் காகித மாணவருக்கு வயதை ஏற்றுகிறது. இருபத்துமூன்று வயதுக்காரர் முப்பதைத் தொடுகிறார். அந்த வயதுக்காரர்களில் இத்தனை சதவீதம் பேர் தனிக்குடித்தனம் போவார்கள் என்று ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. அதன்படி அவருக்குக் குடித்தனமும் வருகிறது. குடித்தனம் என்றால் வீடு. மாணவர் சென்னையில் வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, வேளச்சேரியில் வாடகைக்குக் குடியிருக்கும்போது, அவருடைய ஆவிக்கு ஆர்டன் வயலில் இரண்டு படுக்கையறை வீடு ஒதுக்கப்படுகிறது.

போராட்டக்காரர்கள் பிடித்தது இந்த இடத்தைத்தான். ஆவிகளுக்குக் குழந்தை பிறக்காது. இத்தனை ஆயிரம் வாலிபர்கள் உண்மையிலேயே ஊரில் தங்கியிருந்தால் பிரசவ எண்ணிக்கை ஏறவேண்டும். ஐந்து வருடம் கழித்துப் பள்ளியில் சேரும் பிள்ளைகள் கூடவேண்டும். வாக்காளர் பட்டியல் நீளவேண்டும். புதிய கார்கள் பதிவாகவேண்டும். மின்சாரமும் எரிவாயுவும் கூடுதலாகச் செலவாகவேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவில் கூட்டம் சேரவேண்டும். இவற்றில் ஒவ்வொன்றையும் தனித்தனி அரசு அலுவலகம் எண்ணி வைத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அவற்றை எடுத்து மக்கள்தொகை மதிப்பீட்டின் பக்கத்தில் வைத்தார்கள். மதிப்பீடு மேலே போனது, மற்றவை கூடவே போகவில்லை. சம்பளம் வாங்காத ஆட்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்த வேலை இது. இதில் உயர்கணிதம் எதுவும் இல்லை. மளிகைக் கடைக்காரர் கணக்குப் பிள்ளையின் பேரேட்டைச் சரக்கு இருப்போடு ஒப்பிடுவாரே, அதே காரியம்.

இந்தக் காரியத்துக்கு நம் ஊரோடு தொடர்புள்ள ஒரு பூர்வீகமும் உண்டு. சி.பி.ஆர்.இ. 1926இல் தொடங்கியது. அதற்கு விதை போட்டவர் பாட்ரிக் ஆபர்குரோம்பி, பிற்பாடு லண்டன் பெருநகரத் திட்டத்தை எழுதியவர். அவர் தலைமுறைத் திட்டக்காரர்களுக்கு ஆசான் என்று சொல்லத்தக்கவர் ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் கெடஸ். கெடஸின் தாரக மந்திரம் 'திட்டத்துக்கு முன் அளவீடு'. 1914இல் அவர் தன் நகரமைப்புக் கண்காட்சியைச் சென்னைக்குக் கொண்டுவரக் கிளம்பினார். பொருட்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. ஆம், சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு நமக்கு ஒரு சொல்லையே கொடுத்துவிட்டுப் போன அதே எம்டன். புதிதாகத் திரட்டிய பொருட்களை வைத்து 1915இல் இங்கே கண்காட்சி நடந்தது. பிறகு கெடஸ் மதுரை, தஞ்சாவூர் போன்ற ஊர்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். 1920இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. இன்று நாம் வைத்திருக்கும் 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமும் பெயரிலும் வடிவிலும் பிரிட்டிஷ் சட்டத்தின் வாரிசுதான்: முழுமைத் திட்ட வரைவு, அதன்மேல் பொதுமக்களின் ஆட்சேபணைக்கு ஒரு கெடு, பிறகு ஒப்புதல். 2041ஐ இலக்காக வைத்த கோயம்புத்தூர் முழுமைத் திட்டத்தின் வரைவு 2024 பிப்ரவரியில் வெளியானபோது, கையில் இருந்த கடைசிக் கணக்கெடுப்பு 2011ஆம் ஆண்டினுடையது. 2021இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு அதுவரை நடக்கவே இல்லை. கவன்ட்ரிக் கதை நமக்குத் தூரத்துக் கதை அல்ல என்று காட்ட இந்த ஒரு தகவல் போதும்.

திரும்பவும் கவன்ட்ரிக்கு. ஆட்சேபணை தெரிவிப்பதற்கு அங்கே ஒரு முறை இருக்கிறது. மன்றம் இறுதி வரைவை வெளியிட்டதும் ஆறு வாரம் கெடு. படிவத்தில், திட்டத்தின் எந்தப் பத்தியை எதிர்க்கிறீர்கள், அது எந்த அளவுகோலில் தவறுகிறது என்று எழுதவேண்டும். அளவுகோல்கள் நான்கு: தேவையை நிறைவேற்றும் நோக்கோடு போடப்பட்டதா, ஆதாரத்தின் மேல் நிற்கிறதா, செயல்படுத்தக்கூடியதா, தேசியக் கொள்கையோடு ஒத்துப்போகிறதா. 'என் தாத்தா காலத்திலிருந்து இந்தப் பாதையில் நடக்கிறோம்' என்பதற்குக் கட்டம் கிடையாது. பிறகு மத்திய அரசின் திட்ட ஆய்வாளர் வந்து விசாரணை நடத்துவார். மேசையைச் சுற்றி ஒரு பக்கம் மன்றத்தின் அதிகாரிகளும் அவர்கள் அமர்த்திய ஆலோசகர்களும். இன்னொரு பக்கம் கட்டுமான நிறுவனங்களின் வழக்கறிஞர்கள், எண்ணை இன்னும் ஏற்றவேண்டும் என்று வாதிடுகிறவர்கள். மூலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த ஊர்க்காரர்கள்.

ஊர்க்காரர்கள் சொன்னதற்கு அங்கே கிடைத்த பதிலின் சாரம் இதுதான்: இது அரசின் அதிகாரபூர்வப் புள்ளிவிவரம், திட்டம் இதன் மேல்தான் நிற்கவேண்டும் என்பது தேசிய வழிகாட்டுதல். அதிகாரபூர்வமான எண்ணைச் சந்தேகிப்பதற்கு அதிகாரபூர்வமான இன்னோர் எண் வேண்டும். அது அடுத்த கணக்கெடுப்பில்தான் வரும். 2017 டிசம்பரில் கவன்ட்ரி மன்றம் திட்டத்தை ஏற்றது.

மன்றத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. செல்லுபடியாகும் திட்டமும், ஐந்தாண்டுக்குப் போதுமான மனை இருப்பும் கையில் இல்லாத மன்றம் அந்த நாட்டில் கைகட்டப்பட்ட மன்றம். கட்டுமான நிறுவனம் விரும்பிய வயலுக்கு விண்ணப்பம் போடும், மன்றம் மறுக்கும், மேல்முறையீட்டில் நிறுவனம் ஜெயித்துவிடும். தவறான திட்டமாவது கையில் இருக்கட்டும் என்று மன்றம் நினைத்திருந்தால் அதில் ஒரு தர்க்கம் இருக்கிறது.

எதிர்வாதத்தின் பலத்தையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் வீட்டுப் பஞ்சம் கற்பனை அல்ல. சமூக வீட்டுக்காகப் பதிவுசெய்து காத்திருக்கும் குடும்பங்கள் பத்து லட்சத்துக்கும் மேல். சொந்த வீடு உள்ளவர்கள், அதிலும் அழகான கிராமத்தில் சொந்த வீடு உள்ளவர்கள், புதிய வீடுகளை எதிர்ப்பதில் சுயநலம் இல்லை என்று சொல்ல முடியாது. வீடு குறைந்தால் அவர்கள் வீட்டு விலை ஏறும். வயலை விட்டுவிட்டு ஊருக்குள் கைவிடப்பட்ட ஆலை நிலங்களில் கட்டுங்கள் என்பது சி.பி.ஆர்.இ.யின் பழைய பல்லவி. அப்படிப்பட்ட நிலங்களில் 12 லட்சம் வீடுகள் கட்டலாம் என்று 2022இல் அது ஒரு கணக்கு வெளியிட்டது. நல்ல கணக்கு, ஆனால் நிலம் இருக்கும் ஊரும் வீடு தேவைப்படும் ஊரும் ஒன்றாக இருக்கவேண்டுமே. ரசாயனம் ஊறிய மண்ணைச் சுத்தம் செய்ய ஆகும் செலவை யார் ஏற்பது? குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு ஆலை நிலத்து அடுக்குமாடி ஒத்துவருமா? இந்தக் கேள்விகளை அவர்கள் கொஞ்சம் வேகமாகத் தாண்டிப் போகிறார்கள்.

ஆனால் நோக்கம் வேறு, கணக்கு வேறு. ஜன்னல் காட்சிக்காகவே ஒருவர் கூட்டல் போட்டிருந்தாலும், கூட்டல் சரியாக இருந்தால் சரிதான். கவன்ட்ரியில் எதிர்த்தரப்பு செய்த பெரிய தவறு, எதிராளியின் குணத்தைப் பேசிவிட்டால் அவருடைய கூட்டலுக்குப் பதில் சொன்னதாக ஆகிவிடும் என்று நம்பியது.

மத்திய அரசு செய்தது அதைவிட மோசம். 2018இல் எல்லா ஊர்களுக்கும் பொதுவான ஒரு சூத்திரத்தைக் கொண்டுவந்தார்கள். குடித்தன முன்கணிப்புதான் அதன் அடிப்படை. அதே ஆண்டு செப்டம்பரில் 2016ஐ ஆதாரமாகக் கொண்ட புதிய முன்கணிப்பு வந்தது. அதில் எண்கள் குறைந்திருந்தன. ஆண்டுக்கு மூன்று லட்சம் வீடு என்று அரசு வாக்குக் கொடுத்திருந்தது. புதிய எண்ணை வைத்தால் அந்த இலக்கு எட்டாது. ஆகவே 2019 பிப்ரவரியில், புதியதை விட்டுவிட்டு 2014ஐ ஆதாரமாகக் கொண்ட பழைய முன்கணிப்பையே பயன்படுத்துங்கள் என்று உத்தரவு போட்டார்கள். புதிய எடைக்கல் வந்த பிறகும், பழைய கல்லில் எடை கூடக் காட்டுகிறது என்பதற்காகவே அதை வைத்துக்கொண்ட கதை. 2020 டிசம்பரில் இன்னொரு படி: நாட்டின் பெரிய 20 நகரங்களுக்கு மட்டும் சூத்திரம் தரும் எண்ணோடு 35 சதவீதம் கூட்டவேண்டும். கவன்ட்ரி அந்த இருபதில் ஒன்று. பழைய பிழையின் தலையில் 35 சதவீதம். இந்தச் சூத்திரத்தின்படி அந்த ஊருக்கு ஆண்டுக்கு 3,000க்கும் மேல் வீடு என்றாயிற்று.

ஊர்க்காரர்கள் அதற்குள் வேறு கதவைத் தட்டியிருந்தார்கள். மேற்கு மிட்லாண்ட்ஸ் பிராந்திய மேயராக இருந்த ஆண்டி ஸ்ட்ரீட் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர், அதாவது அப்போதைய ஆளுங்கட்சிக்காரர். அவரும் இந்தக் கேள்வியைப் புள்ளிவிவர ஆணையத்திடம் கொண்டுபோனார். ஆணையத்தின் கிளையான புள்ளிவிவர ஒழுங்காற்று அலுவலகம் விசாரித்து 2021 மே மாதம் அறிக்கை கொடுத்தது. நாட்டளவில் மதிப்பீட்டு முறை பொருத்தமானதுதான். ஆனால் மாணவர் கூட்டம் அதிகமுள்ள சில நகரங்களில் மதிப்பீடு உள்ளூர் ஆதாரங்களோடு ஒத்துப்போகவில்லை, கூடுதலாக இருக்கக்கூடும் என்றது. ஒழுங்காற்று அலுவலகத்தின் மொழியில் 'இருக்கக்கூடும்' என்பது கிட்டத்தட்ட ஒரு வாக்குமூலம். அடுத்த ஆண்டு வெளியான கணக்கெடுப்பு முடிவு அந்தக் 'கூடும்' என்ற சொல்லையும் எடுத்துவிட்டது.

ஒரு மறுப்பு உண்டு. 2021 மார்ச் என்பது கொரோனா ஊரடங்குக் காலம்; வகுப்புகள் இணையத்தில் நடந்தன; மாணவர்கள் ஊரில் இல்லாததால்தான் எண்ணிக்கை குறைந்தது என்கிறார்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் மாணவர்கள் படிக்கும் ஊரின் முகவரியிலேயே எண்ணப்படவேண்டும் என்பது விதி. தவிர, பிரசவமும் பள்ளிச் சேர்க்கையும் கொரோனாவுக்குப் பல ஆண்டு முன்பே மதிப்பீட்டோடு ஒத்துப்போகவில்லை. கணக்கெடுப்புக்குப் பிறகு நாட்டுக்குள் குடியேற்றம் மறுபடி எகிறியது, கவன்ட்ரியும் வளர்ந்தது என்பதும் உண்மைதான். அது 2017இல் போட்ட கணக்கைச் சரியாக்கிவிடாது.

நீதிமன்றம் போயிருக்கலாமே என்று தோன்றும். லண்டனுக்குத் தென்மேற்கே கில்ட்ஃபோர்டில் போனார்கள். அங்கும் ஒரு பல்கலைக்கழகம், அங்கும் மாணவர் எண்ணிக்கை பற்றிய அதே சந்தேகம், அங்கும் பசுமை வளையத்திலிருந்து நிலம் எடுத்த திட்டம். 2019 ஏப்ரலில் மன்றம் அதை ஏற்றது. திட்டம் ஏற்கப்பட்ட நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் வழக்குப் போட்டாகவேண்டும், போட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீதிமன்றம் பார்ப்பது சட்டப்படி நடந்ததா என்பதை மட்டுமே. எண் சரியா தப்பா என்பது ஆய்வாளரின் முடிவு, அதில் தலையிடமாட்டோம் என்பது அங்கே நிலைத்த கொள்கை. ஆய்வாளரிடம் போனால் எண் அரசினுடையது. நீதிபதியிடம் போனால் எண் ஆய்வாளருடையது. அரசிடம் போனால் இலக்கு மூன்று லட்சம்.

கவன்ட்ரி மன்றம் தன் திட்டத்தை மறுபடி எழுத உட்கார்ந்தபோது குரல் மாறியிருந்தது. 35 சதவீதக் கூடுதலை ஏற்க மறுத்து, 2021 முதல் 2041 வரை 29,100 வீடு, அதாவது ஆண்டுக்கு 1,455 என்று வைத்தார்கள். முன்பு 2,120 என்று அடித்துச் சொன்ன அதே மன்றம். 2024 டிசம்பரில் புதிய தொழிற்கட்சி அரசு தேசியச் சூத்திரத்தையே மாற்றியது. குடித்தன முன்கணிப்பை அடியோடு விட்டுவிட்டு, ஊரில் ஏற்கெனவே உள்ள வீடுகளில் இத்தனை சதவீதம் என்று கணக்கிடும் முறைக்கு வந்தார்கள். பல நாட்டுப்புற மாவட்டங்களுக்கு அதனால் எண் ஏறியது, சி.பி.ஆர்.இ. அங்கெல்லாம் இப்போது புதிய சண்டையில் இருக்கிறது. கவன்ட்ரிக்கோ, பழைய சூத்திரம் கேட்டதில் பாதிக்கும் கீழே இறங்கியது.

கெர்ஸ்லியிலும் ஈஸ்டர்ன் கிரீனிலும் அப்போது கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது. 2017இல் பசுமை வளையத்திலிருந்து நீக்கப்பட்ட அந்த நிலங்கள் இன்றும் வளையத்துக்கு வெளியேதான் இருக்கின்றன.